கேடி என்றொரு கோப்புறை

போன மாசம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வருவதற்குள் மருமகன் தன்னுடைய நிண்டெண்டோ ஸ்விட்ச்சைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். பத்தாம் வகுப்புப் படிக்கிறான்.

"மாமா, இதுல சிப் வெச்சா எல்லா கேமும் ஃப்ரீயாம். என் ஃப்ரெண்டோட அண்ணன் வெச்சிருக்கான். நீங்ககூட அந்தக் காலத்துல பிஎஸ்பில இந்த மாதிரி பண்ணியிருக்கீங்கன்னு அம்மா சொன்னாங்க."

"அம்மா முழுக் கதையும் சொன்னாளா?"

"இல்ல. நீங்க ரெண்டு நாள் சாப்பிடலன்னு மட்டும் சொன்னாங்க."

ரெண்டு நாள் என்பது அக்கா போட்ட மசாலா. ஒரே ஒரு வேளைதான் சாப்பிடவில்லை. முழுக் கதையையும் அன்றைக்கு அவனுக்குச் சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகு இங்கேயும் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

2008, மே மாதம், கல்லூரி விடுமுறை. துபாயிலிருந்து சித்தப்பா கொண்டுவந்து கொடுத்த பிஎஸ்பி, சோனியின் கையடக்க கேம் கன்சோல், என்னிடம் இருந்தது. முதல் மாடல், பின்னால் வந்தவற்றைவிடக் குண்டாக இருக்கும். அதில் சோனி போட்ட மென்பொருளைத் தூக்கிவிட்டு 'எம்33' கஸ்டம் ஃபர்ம்வேரைப் போட்டிருந்தேன். ஸ்பெயினிலிருந்து டார்க் அலெக்ஸ் என்ற புனைபெயரில் எழுதிய ஒருவர்தான் அதன் பின்னால் இருந்த முக்கியமான மூளை. அந்த நாளில் பிஎஸ்பி வைத்திருந்த பையன்களுக்கு அவர் ஒரு குலதெய்வம் மாதிரி. அதைப் போடும்போது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சார்ஜரில் செருகி, பேட்டரி நிறைந்திருக்கிறதா என்று பார்த்து, சொன்னதைச் சொன்னபடி செய்தேன், முடிந்தது. பயபக்தியோடு செய்த காரியம் என்பதால் தப்பு நடக்கவில்லை.

தப்பு நடந்தது பயம் போன பிறகு. மெனுவின் முகத்தை மாற்ற ஆசைப்பட்டேன். ஐகான்கள், எழுத்துரு, பின்னணி அலை, எல்லாவற்றையும் மாற்றும் ஒரு தீம் கோப்பை இறக்கினேன். பிஎஸ்பியின் உள்நினைவில் 'ஃப்ளாஷ் 0' என்ற பகுதியில்தான் இயங்குதளம் முழுக்க இருக்கும். எம்33 போட்டிருந்தால் செலக்ட் பொத்தானை அமுக்கி, அந்தப் பகுதியை ஒரு பென்டிரைவ் மாதிரி கணினியில் திறந்துவிடலாம். அப்படித் திறந்து, இறக்கிய தீமில் இருந்த கோப்புறைகளை அப்படியே அள்ளிக் கொட்டினேன். அதில் 'கேடி' என்று ஒரு கோப்புறையும் இருந்தது. கணினி கேட்டது: ஏற்கெனவே இருக்கிறதே, மேலெழுதட்டுமா? எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன்.

கேடி என்பது அந்த இயங்குதளத்தின் கெர்னல் கோப்புகள் இருக்கும் இடம். தீம் செய்தவர் யாரோ தன்னுடைய மெஷினிலிருந்து மொத்தத்தையும் வழித்து ஜிப் செய்திருக்கிறார். அவருடையது 3.71, என்னுடையது 3.90. பெயரைப் பார்த்தாவது நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அணைத்து மறுபடி போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. திரை கருப்பாகவே இருந்தது. சில நொடிகளில் விளக்கும் அணைந்தது. ஆர் பொத்தானை அமுக்கிக்கொண்டு போட்டால் ரெகவரி மெனு வரும் என்பார்கள், அதுவும் வரவில்லை. பிறகு இருபது தடவையாவது போட்டுப் பார்த்திருப்பேன். பிரிக் ஆகிவிட்டது என்று இதைத்தான் சொல்கிறார்கள். செங்கல் என்று சொல்வது செங்கல்லுக்குச் செய்யும் அவமரியாதை. செங்கல்லை வைத்துச் சுவராவது எழுப்பலாம்.

இங்கே கொஞ்சம் உள்விவகாரம் சொல்ல வேண்டும். கன்சோலை ஆன் செய்ததும் எல்லாம் ஒரே மூச்சில் விழித்துக்கொள்வதில்லை. செயலிக்குள்ளேயே, தொழிற்சாலையில் பதித்த ஒரு சின்ன நிரல் இருக்கும். அதை யாராலும் மாற்ற முடியாது. அதற்குப் பெயர் பூட்ரோம். அது ஃப்ளாஷ் நினைவிலிருந்து அடுத்த நிரலை எடுத்து, அதில் கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதன் கையில் பொறுப்பைக் கொடுக்கும். அது கெர்னலை எழுப்பும். கெர்னல் மெனுவை எழுப்பும். கல்யாணப் பந்தியில் வாளியைக் கை மாற்றுவது போலத்தான். மாட் செய்கிறவர்கள், அதாவது கன்சோலைத் தங்கள் இஷ்டப்படி மாற்றுகிறவர்கள், இந்த வரிசையில் எங்கேயாவது ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்துத் தங்கள் ஆளை நுழைக்கிறார்கள். கன்சோலைக் கெடுத்துக்கொள்கிறவனும் இந்த வரிசையில்தான் எங்கேயோ ஒரு இடத்தில் கெடுக்கிறான். நீங்கள் கெடுத்த இடத்துக்கு முன்னால், நீங்கள் கை வைக்கக்கூடிய ஒரு இடம் மிச்சமிருந்தால் கன்சோல் பிழைக்கும். இல்லாவிட்டால் பிழைக்காது.

எங்கள் ஊரில் கிணறு தூர் வார ஆள் வந்தால், அவர் தண்ணீரைப் பார்ப்பதற்கு முன்பு கயிற்றைப் பார்ப்பார், பிறகு கயிறு கட்டியிருக்கும் கல்தூணைப் பார்ப்பார். எப்படி இறங்குவது என்று அவர் யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

என் பிஎஸ்பிக்குக் கயிறு இருந்தது, அதை நான் கட்டவில்லை என்றாலும். அதன் பெயர் பண்டோரா பேட்டரி. செத்துப்போன பிஎஸ்பிகளைச் சரிசெய்ய சோனியின் பழுது பார்ப்பவர்களுக்கு ஒரு பின்வாசல் வேண்டும் அல்லவா? அந்த வாசலின் சாவியைப் பேட்டரியில் வைத்திருந்தார்கள். பிஎஸ்பி பேட்டரிக்குள் ஒரு குட்டி சிப்பில் வரிசை எண் இருக்கும். அந்த எண்ணின் எல்லா இலக்கமும் பதினாறடிமானக் கணக்கில் எஃப் என்று இருந்தால், பிஎஸ்பி தன் ஃப்ளாஷைத் தேடாமல் மெமரி ஸ்டிக்கிலிருந்து விழித்துக்கொள்ளும். 2007இல் ஹேக்கர்கள் இதைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். அதோடு பயன்படுத்த டார்க் அலெக்ஸ் எழுதிய கருவியின் பெயர் ஸ்பானிய மொழியில் 'கல்லறையிலிருந்து விழித்தெழல்' என்று பொருள்படும். பெயர் வைக்கத் தெரிந்த மனிதர்.

சிக்கல் என்னவென்றால், பண்டோரா பேட்டரி செய்ய உயிரோடு இருக்கும் இன்னொரு பிஎஸ்பி வேண்டும். அல்லது பேட்டரியைப் பிளந்து அந்தச் சிப்பின் ஒரு காலை நிமிர்த்த வேண்டும். லித்தியம் பேட்டரியைக் கத்தியால் பிளக்கிற தைரியம் அப்போதும் எனக்கில்லை. கோயம்புத்தூரில் ஒரு கடையில் இந்த வேலை செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கடைக்காரர் என் பேட்டரியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தன்னுடையதைச் செருகினார். பவர் பொத்தானை யாரும் தொடவில்லை. பிஎஸ்பி தானாக விழித்தது. அந்த நொடியை நான் இன்னும் மறக்கவில்லை. எண்ணூறு ரூபாய் வாங்கினார். அந்தப் பேட்டரியையும் கேட்டேன், அதற்குத் தனியாக நானூறு. வீட்டில் புத்தகம் வாங்கக் கொடுத்த காசு அது.

நான் பிழைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் நாசம் செய்தது எல்லா பிஎஸ்பிக்கும் பொதுவான கோப்புகளை. பொதுவானது என்றால் வெளியிலிருந்து திரும்பப் போட்டுக்கொள்ளலாம். அதே ஃப்ளாஷ் சிப்பில் 'ஐடி ஸ்டோரேஜ்' என்று ஒரு பகுதி உண்டு. அதில் அந்த ஒரு மெஷினுக்கு மட்டுமே உரிய அடையாளங்களும் சாவிகளும் இருக்கும். 2006இல் 'டிஏ-082' என்ற புது மதர்போர்டு உள்ள பிஎஸ்பிகளைப் பழைய பதிப்புக்கு இறக்கப் பார்த்த பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். அந்த போர்டை ஏமாற்ற ஐடி ஸ்டோரேஜில் கைவைக்க வேண்டியிருந்தது. இயங்குதளம் போனால் வேறு எங்கிருந்தாவது கொண்டுவரலாம், ஆனால் அடையாளம் போனால்? உங்கள் மெஷினின் அடையாளம் உங்கள் மெஷினில் மட்டும்தான் இருந்தது.

இதை மருமகனுக்குச் சொல்லும்போது அவன் கொட்டாவி விட்டான். "மாமா, இப்பல்லாம் அப்படி ஆகாது. டூல் எல்லாம் நல்லா வந்திடுச்சு."

பாதி உண்மை. ஸ்விட்ச்சின் கதை பிஎஸ்பியைவிட அழகானது. 2018 ஏப்ரலில் கேத்ரின் டெம்கின் என்பவரும் ரீஸ்விட்ச்ட் குழுவினரும் 'ஃப்யூசே ஜெலே' என்ற ஓட்டையை வெளியிட்டார்கள். என்விடியாவின் டெக்ரா எக்ஸ்1 செயலியில் பூட்ரோமிலேயே, யூஎஸ்பி வழியாக நுழையும் ஓட்டை. வலது ஜாய்கான் செருகும் தண்டவாளத்தில் ஒரு குறிப்பிட்ட முனையை ஒரு சின்னக் கம்பியால் இணைத்துவிட்டால் போதும், கதவு திறந்துவிடும். பூட்ரோமை மாற்ற முடியாது என்பதால் அதுவரை விற்ற கன்சோல்களில் அந்த ஓட்டையை அடைக்க நிண்டெண்டோவுக்கே வழியில்லை. அதனால் அந்த முதல் தலைமுறை ஸ்விட்ச்சுக்குக் கயிறு கடைசிவரை உண்டு. மென்பொருளில் என்ன கெடுத்தாலும் யூஎஸ்பி வழியாக உள்ளே போய்விடலாம்.

"உன்னோடது எந்த மாடல்டா மாப்ள?"

"ஓஎல்இடி."

அது 2021இல் வந்தது. அந்த ஓட்டை அதில் இல்லை. அதனால்தான் அவன் நண்பனின் அண்ணன் சிப் வைத்திருக்கிறான். அந்தச் சிப் செய்கிற வேலை கையெழுத்துச் சரிபார்ப்பு நடக்கும் மிகச் சரியான கணத்தில் செயலியின் மின்னழுத்தத்தை ஒரு துளி நேரம் கீழே இழுப்பது. செயலி தடுமாறும். தடுமாறுகிற அந்த இமைப்பொழுதில் சரிபார்ப்பைத் தாண்டிவிடும். காவல்காரர் தும்முகிற நேரம் பார்த்துக் கேட்டைத் தாண்டுவது போல. இதற்காகச் செயலியின் மேலேயே, கடுகைவிடச் சின்ன கெப்பாசிட்டர்களில் சால்டர் வைக்க வேண்டும். ஓஎல்இடி மாடலில் தேவையான ஒரு இணைப்பு நினைவகச் சிப்புக்கு அடியில் ஒளிந்திருக்கும். அதற்கு அந்தச் சிப்பையே வெப்பம் காட்டிக் கழற்றி மாட்ட வேண்டும், அல்லது அடியில் செருகும் ஒரு மெல்லிய தகட்டை நம்ப வேண்டும். செல்போன் கடைகளில் இந்த வேலை செய்யும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கெப்பாசிட்டர் பிய்ந்து வந்தால் அது பண்டோரா பேட்டரியில் தீரும் வியாதி இல்லை.

கம்பெனிக்குத் தூக்கிக்கொண்டு போகலாமா என்றால், நிண்டெண்டோ ஸ்விட்ச்சை இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்கவே இல்லை. இங்கே கிடைப்பதெல்லாம் யாரோ இறக்குமதி செய்தது. தொடாமலே பழுதானாலும் கடைக்காரரின் வாய்வார்த்தைதான் வாரண்டி. அதைத் திறந்துவிட்டுப் போய் நின்றால் என்ன பதில் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சரி, சால்டர் ஒழுங்காக அமைந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் ஓடப்போகும் மென்பொருளை எழுதியது யார்? இந்த இடத்தில்தான் எனக்குப் பயம் அதிகம். 2005 அக்டோபரிலேயே, பிஎஸ்பியை 2.00இலிருந்து 1.50க்கு இறக்கித் தரும் என்று சொல்லி ஒரு கோப்பு உலவியது. உண்மையில் அது ஃப்ளாஷிலிருந்த முக்கியமான கோப்புகளை அழித்துவிட்டு ஓய்ந்துவிடும். சைமன்டெக் நிறுவனம் அதற்கு ட்ரோஜன் என்றே பெயர் சூட்டியது. அதே மாதம் நிண்டெண்டோ டிஎஸ்ஸுக்கும் அப்படி ஒன்று வந்தது. யாரோ ஒரு விஷமக்காரப் பயலின் வேலை என்று அதை விட்டுவிடலாம். ஆனால் காசு வாங்கிக்கொண்டு விற்கிறவர்கள் செய்ததை எப்படி விடுவது? நிண்டெண்டோ 3டிஎஸ்ஸுக்கு கேட்வே என்று ஒரு கார்டு விற்றார்கள். அதைப் பார்த்துச் சிலர் போலி செய்து விற்க ஆரம்பித்தார்கள். 2014 ஜனவரியில் வந்த கேட்வேயின் புதுப் பதிப்பில், போலி கார்டு என்று தெரிந்தால் கன்சோலையே முடக்கிவிடும் நிரலைச் சேர்த்திருந்தார்கள். திருட்டுக் கேம் ஓட்ட உதவும் கார்டைத் திருடியதற்குத் தண்டனை! அசல் கார்டு வாங்கியவர்களிலும் சிலர் தங்கள் கன்சோல் செத்துவிட்டதாகப் புலம்பினார்கள்.

ஸ்விட்ச்சிலும் இது திரும்ப நடந்தது. டீம் எக்ஸிகியூட்டர் என்ற குழு 'எஸ்எக்ஸ் ஓஎஸ்' என்று ஒன்றை உரிமம் போட்டு விற்றது. 2018இல் ஒரு ஆய்வாளர் அதைப் பிரித்துப் பார்த்தபோது, தன்னை யாராவது நோண்டுவதாகத் தோன்றினால் கன்சோலின் ஈஎம்எம்சி நினைவகத்துக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிடும் நிரல் உள்ளே இருந்தது தெரிந்தது. பூட்டு உங்கள் வீட்டில், சாவி எவனிடமோ. அந்தக் குழுவைச் சேர்ந்த கேரி பவுசருக்கு 2022 பிப்ரவரியில் அமெரிக்க நீதிமன்றம் 40 மாதச் சிறை விதித்தது. நிண்டெண்டோவுக்கு அவர் தர ஒப்புக்கொண்ட தொகை மொத்தம் 1.45 கோடி டாலர். மாரியோ விளையாட்டில் வரும் வில்லனின் பெயரும் பவுசர்தான், அப்போது நிண்டெண்டோவின் அமெரிக்கக் கிளைத் தலைவரின் குடும்பப் பெயரும் பவுசர்தான். கதையில் எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

நம் நாட்டுச் சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தில் 65ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை. நோக்கம் என்ற அந்தச் சொல் முக்கியம்.

"மாமா, அதெல்லாம் விக்கிறவனுக்கு. எனக்கு என்ன ஆகும்?"

தடை ஆகும். ஒவ்வொரு ஸ்விட்ச்சுக்குள்ளும் அதற்கு மட்டுமே உரிய ஒரு சான்றிதழ் இருக்கிறது. பிஎஸ்பியின் ஐடி ஸ்டோரேஜ் போலத்தான், இங்கே அதன் பெயர் ப்ராட்இன்ஃபோ. ஆன்லைனில் போகும்போதெல்லாம் அதைக் காட்டித்தான் உள்ளே போகிறது. திருட்டு கேமோடு ஒரு தடவை சர்வரில் மாட்டிக்கொண்டால், தடை அந்தக் கன்சோலுக்கு விழும். ஃபார்மேட் செய்தாலும் போகாது. புதுக் கணக்கு தொடங்கினாலும் போகாது. இதற்காகத்தான் விவரமானவர்கள் எஸ்டி கார்டில் இன்னொரு முழு நகலை உண்டாக்கி, அதில் மட்டும் விளையாட்டுக் காட்டுகிறார்கள். உள்நினைவகம் கன்னி கழியாமல் இருக்கும். ஆனால் பதினைந்து வயதுப் பையன் ஒருநாள்கூடத் தவறாமல் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று பார்த்து வைஃபையை ஆன் செய்வான் என்று நான் நம்பத் தயாரில்லை. என்னையே நான் நம்ப மாட்டேன்.

2025 மே மாதம் நிண்டெண்டோ தன் பயனர் ஒப்பந்தத்தைத் திருத்தி, விதியை மீறினால் கருவியையே நிரந்தரமாகப் பயனற்றதாக்கும் உரிமை தனக்கு உண்டு என்று எழுதிக்கொண்டது. அடுத்த மாதம் ஸ்விட்ச் 2 வந்தது. கேம் நகல்களை ஓட்டும் மிக் என்ற கார்டைச் செருகியவர்களின் கன்சோல்கள் சில நாளிலேயே ஆன்லைனிலிருந்து தூக்கப்பட்டன. அப்படித் தூக்கப்பட்டவை செகண்ட் ஹேண்டில் கைமாறின. வாங்கிய அப்பாவிக்குத் தான் வாங்கியது பாதி மெஷின் என்பது வீட்டுக்கு வந்து வைஃபையில் இணைத்த பிறகுதான் தெரியும். செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் கடையிலேயே இ-ஷாப்பைத் திறந்து பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

கம்பெனிக்காரர்களை உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. பிளேஸ்டேஷன் 3இல் லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லி விற்ற சோனி, 2010 ஏப்ரல் 1 அன்று ஒரு அப்டேட்டில் அந்த வசதியைப் பிடுங்கியது. ஏப்ரல் ஃபூல் இல்லை, நிஜமாகவே பிடுங்கினார்கள். 2009 செப்டம்பரில் நிண்டெண்டோ தன் வீ கன்சோலுக்கு அனுப்பிய 4.2 அப்டேட், ஹேக்கர்களின் நிரலை அழிப்பதற்காகத் தொடக்க நிலை நிரலையே மேலெழுதியது. யாரும் கை வைக்காத சில வீ கன்சோல்களும் அதில் செத்தன. நான் கேடி கோப்புறையில் செய்ததைப் பெரிய அளவில் ஒரு கம்பெனியே செய்தது.

மாட் செய்வதே பாவம் என்றும் நான் சொல்லவில்லை. வீயின் ஆன்லைன் கடையை 2019 ஜனவரியிலும் 3டிஎஸ்ஸின் கடையை 2023 மார்ச்சிலும் இழுத்து மூடிவிட்டார்கள். அந்த மாதிரி கம்பெனி கைகழுவிய மெஷினை அலமாரியிலிருந்து எடுத்து, தூசு தட்டி, சொந்தச் சேமிப்புகளைக் காப்பாற்றுவதற்கும் ரசிகர்கள் எழுதிய நிரல்களை ஓட்டுவதற்கும் திறந்தால் நானே பக்கத்தில் உட்கார்ந்து உதவுவேன். தடை விழுந்தாலும் இழக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. தினம் விளையாடுகிற, வீட்டில் இருக்கிற ஒரே மெஷினை, அதுவும் அக்கா மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் மெஷினைத் திறப்பது வேறு விஷயம்.

எதைத் திறந்தாலும் முதல் வேலை உள்நினைவகத்தை முழுசாக நகல் எடுப்பது. முதல் ஸ்விட்ச்சில் அது 32 ஜிபி, ஓஎல்இடியில் 64. அதைக் கணினியில் ஒன்று, வேறு வட்டில் ஒன்று என்று இரண்டு இடத்தில் வையுங்கள். எஸ்டி கார்டிலேயே விட்டுவைத்து, அந்தக் கார்டையே பிறகு ஃபார்மேட் செய்தவர்களை எனக்குத் தெரியும். ஒரு தடவை நானும் அவர்களில் ஒருவன்.

மருமகன் ஸ்விட்ச்சை உள்ளே கொண்டுபோய் வைத்தான். முழுசாகச் சமாதானம் ஆகவில்லை என்பது நடையில் தெரிந்தது. வாசல்வரை வந்து கேட்டான்.

"மாமா, அந்த பிஎஸ்பி இன்னும் இருக்கா?"

"இருக்கும்டா. தேடணும்."

"எனக்குக் குடுங்களேன். அத நோண்டிக்கிறேன்."

போன ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து இறக்கினேன். பிஎஸ்பி நன்றாக இருக்கிறது, அனலாக் குமிழ் மட்டும் கொஞ்சம் இறுகியிருக்கிறது. கோயம்புத்தூரில் நானூறு ரூபாய் கொடுத்து வாங்கிய பண்டோரா பேட்டரி அப்பளம் மாதிரி உப்பி, அதை வைத்திருந்த டப்பாவின் மூடியையே நெம்பித் தூக்கியிருந்தது. உங்கள் வீட்டிலும் பழைய பிஎஸ்பி கிடந்தால் இன்றைக்கே பேட்டரியைக் கழற்றிப் பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள். மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுத்துவிடுங்கள்.